கத்திக்கு நடுவே உட்கார்ந்த சாமி

ஜெர்மனியில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் இயந்திரம் நின்றுபோனால் யாரும் ஓடி வருவதில்லை. சிவப்பு விளக்கு எரியும். ஒருவர் நிதானமாக நடந்துபோய், வேறு யாரும் தவறிப் போட்டுவிடாதபடி மெயின் சுவிட்சில் தன் பூட்டை மாட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். மற்றவர்கள் காப்பி குடிக்கப் போய்விடுவார்கள். வந்த புதிதில், வீடு பற்றி எரியும்போது சுருட்டுக்கு நெருப்புக் கேட்டவன் கதைதான் எனக்கு நினைவு வந்தது. மதுரையில் சமயநல்லூர் பக்கம் நான் வேலை கற்ற ஷெட்டில் மெஷின் நின்றால் எல்லோரும் கை வைப்போம். டீ கொண்டுவருகிறவர்கூட ஒரு யோசனை சொல்லிவிட்டுத்தான் போவார்.

மற்றபடி இரண்டு ஊரிலும் ஒரே வேலைதான். ஆளுயர இரும்புத் தகட்டுச் சுருளை விரித்து, மேலும் கீழும் சுழலும் வட்டக் கத்திகளுக்கு நடுவே ஓடவிட்டு, பட்டை பட்டையாக அறுத்துத் தள்ளும் ஸ்லிட்டிங் மெஷின். கத்திகளுக்கிடையே இரும்பு வளையங்களைக் கோத்து இடைவெளியைச் சரிசெய்வது என் பொறுப்பு. அது மயிரிழை மாறினாலும் பட்டையின் விளிம்பில் பிசிறு வந்துவிடும். பிசிறு வந்த பட்டையை வாங்குகிறவர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

போன வருடம், ப்ரோபெட்சைட் என்று இங்கே சொல்கிற என் சோதனைக் காலம் முடிகிற வாரத்தில் அந்தப் பிசிறு வந்தது. கத்தியை மாற்றினோம், இடைவெளியைத் திருத்தினோம், போகவில்லை. கோத்தவன் நான். யாரும் ஒரு சொல் குறை சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது. வேலை நிரந்தரமானால்தான் மனைவி செல்வியையும் மகளையும் அழைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தோம். மதுரைக் காளவாசல் வாடகை வீட்டிலிருந்து செல்வி தினமும் கேட்பாள்: “இன்னும் எம்புட்டு நாளைக்குத்தாங்க போன்லயே குடும்பம் நடத்துறது?”

ஃபோர்மேன் ஹைகே, மெஷின் செய்த கம்பெனியின் ஆள் வரட்டும் என்றார். அந்த அம்மாள் சொன்னது முறைதான். ஆனால் அதற்குள் என் வாரம் முடிந்துவிடும். நான் விடுவதாக இல்லை. கழித்துப்போட்ட பட்டையைத் தரையில் நீட்டி, விளிம்பைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பிசிறு தொடர்ச்சியாக இல்லை. வந்து, மறைந்து, அதே தூரத்தில் மறுபடி வந்தது. அப்படியென்றால் கத்தி கோணலாக உட்கார்ந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை ஆடுகிறது.

இதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். சமயநல்லூரில் ஆயுத பூசைக்குக் கத்தி, வளையம் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி, ஒவ்வொன்றின் முகத்திலும் சந்தனம் குங்குமம் வைப்போம். ஒரு வருடம் பூசை முடிந்து துடைத்துக் கோத்தால் இதே மாதிரி பிசிறு. நாளெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் என் கூட்டாளி பாண்டி ஒரு வளையத்தை நகத்தால் சுரண்டிவிட்டுச் சிரித்தான். “மாப்ள, சந்தனம் காஞ்சு ஒட்டியிருக்குடா. கத்திக்கு நடுவுல சாமி உக்காந்துட்டாரு!”

ஹைகேயிடம் போய், வளையங்களை மட்டும் கழற்றிப் பார்க்க அனுமதி கேட்டேன். “உன் பொறுப்பில்,” என்றார். பூட்டைப் போட்டுவிட்டு ஒவ்வொன்றாக உருவினேன். ஒவ்வொரு வளையத்தின் முகத்திலும் வெள்ளைப் பெயிண்ட் பேனாவால் அழகாக எண் எழுதியிருந்தது. அந்த வாரம்தான் அவை புதிதாக வந்திருந்தன; கோக்கும்போது பார்த்து நானே மகிழ்ந்திருக்கிறேன். இப்போது விரல் நுனியால் தடவினேன். எழுத்து மேடாகத் தட்டுப்பட்டது.

எழுதியவர் என்னோடு வேலை பார்க்கும் யூர்கன். எனக்குத் தெரிந்த ஜெர்மனில், “எங்கள் ஊரில் கத்திக்கு நடுவே கடவுள் உட்கார்ந்தார், அதேபோலத்தான் இதுவும்” என்று விளக்கினேன். அவர் பதறிப்போய், எனக்கு உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார். எழுத்தைத் தொட்டுக் காட்டியதும் முகம் சிவந்துவிட்டது. “நீ புதியவன். வரிசை குழம்பி, பழி உன்மேல் விழக்கூடாது என்றுதான் எழுதினேன்,” என்றார். அந்த ஊரில் பக்தி செய்த வேலையை இந்த ஊரில் அக்கறை செய்திருக்கிறது. இருவருமாகத் துணியும் ஸ்பிரிட்டும் எடுத்துத் துடைத்துக் கோத்தோம். பட்டை வழவழவென்று ஓடியது. வெள்ளிக்கிழமை ஹைகே என் கையைக் குலுக்கி, வேலை நிரந்தரம் என்றார்.

வெளியே வந்ததும் செல்விக்குப் போன் செய்தேன். அவள் கூச்சல் போட்டு மகளைக் கூப்பிட்டாள். சிரித்தாள், அழுதாள். பிறகு குரல் இறங்கியது.

“அப்ப இந்த வீட்டைக் காலி பண்ணிரணும்ல?”

“ஆமா. பூட்டிப்போட்டு வாடகை குடுக்க முடியுமா?”

“அதுக்கில்லங்க. இனிமே லீவுக்கு வந்தா, மதுரையில யாரு வீட்ல போயி இறங்குவோம்?”

இத்தனை நாள் போராடிய எனக்கு இது ஒருமுறைகூடத் தோன்றவில்லை. அடுத்த முறை மதுரையில் போய் இறங்கினால், “எங்கண்ணே போகணும்?” என்று ஆட்டோக்காரர் கேட்பார். மகளும் செல்வியும் பெட்டிகளோடு பின்னால் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். அவருக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.