காக்கை வராத உரக்குழி

எனக்குப் பிறவியிலேயே சந்தேகம் அதிகம். கடைக்காரர் சிரித்துக்கொண்டே எடை போட்டால் தராசை விட்டுவிட்டு அந்தச் சிரிப்பைத்தான் உற்றுப் பார்ப்பேன். வீட்டில் என்னைப் போலீஸ்காரி என்று கிண்டல் செய்வார்கள். அப்படிப்பட்ட என்னைப் போய், பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே இருக்கும் ஒரு தனியார் கல்லூரியில் குப்பையைக் கவனிக்கிற வேலைக்கு எடுத்தார்கள். பெயர் என்னவோ பெரிய பெயர்: வளாகப் பசுமை ஒருங்கிணைப்பாளர். விடுதிச் சமையலறைக்குப் பின்னால் வெட்டி வைத்திருந்த குழியை நிரப்பி, மக்க வைத்து, உரமாக்கிக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

கல்லூரியின் சொந்தக்காரரான தாளாளர், நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார். "காலேஜுக்குத் தரம் போடுற மதிப்பீட்டுக் குழு வர்றப்ப குழியில உரம் இருக்கணுங்க மேடம். இல்லன்னா அடுத்த வருஷம் உங்களுக்கு ஆர்டர் கிடையாது. அப்பறம் வருத்தப்படக் கூடாது."

வருடா வருடம் புதுப்பித்துத் தரும் வேலை அது. அதை நம்பித்தான் குரும்பலூரில் வாடகைக்கு வீடு பிடித்து, உடம்பு முடியாத அப்பாவையும் கூட்டிவந்திருந்தேன். மறுபடி மூட்டை கட்ட எனக்குத் தெம்பில்லை.

விடுதி முழுக்கப் பச்சை வாளியும் நீல வாளியும் வைத்தேன். பச்சையில் மக்கும் குப்பை, நீலத்தில் மக்காத குப்பை. பிள்ளைகள் திட்டிக்கொண்டேதான் பிரித்துப் போட்டார்கள். ஆனாலும் போட்டார்கள். ராத்திரிச் சாப்பாடு முடிந்தால் பச்சை வாளிகள் சோறும் சாம்பாருமாகத் தளும்பி நிற்கும். அதை என் கண்ணாலேயே பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவேன்.

ஆனால் குழி நிறையவே இல்லை. எப்போது எட்டிப் பார்த்தாலும் வெங்காயச் சருகு, கறிவேப்பிலைக் காம்பு, டீத்தூள், அப்புறம் வேப்பிலைச் சருகு. சுண்ணாம்புக் கல் லாரிகள் கிளப்பிய புழுதி படிந்து சருகெல்லாம் வெளுத்துக் கிடந்தது. மக்குகிற அறிகுறியே இல்லை. சோற்றுப் பருக்கை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

"எல்லாம் சீக்கிரமா மக்கிடுதுங்க மேடம்" என்றார் மெஸ் மாஸ்டர். அவர் எதற்கும் 'சரியா போயிட்டிருக்குங்க' என்று சொல்கிற ஆள். எனக்கு அப்போதே சுருக்கென்றது. தோட்டக்காரரைக் கேட்டால் வெற்றிலையை மென்றுகொண்டு வானத்தைப் பார்த்தார். வாட்ச்மேனைக் கேட்டால், "நான் கேட்டு கிட்ட நிக்கிறவனுங்க, எனக்கு என்னாங்க தெரியும்?" என்றார். மூன்று பேரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டதுபோல் இருந்தது.

பிறகு ஒரு நாள் குழியருகே நின்றபோதுதான் பொறி தட்டியது. ஒரு காக்கைகூட இல்லை! சோறு விழுகிற இடத்தில் காக்கை வராமல் இருக்குமா? அட, சோறு இங்கே விழவே இல்லையே! மெஸ் மாஸ்டர் பன்றிப் பண்ணைக்கு விற்கிறார் என்று அந்த நிமிடமே முடிவு கட்டிவிட்டேன். என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டு என்னிடமே பல்லைக் காட்டுகிறாரே என்று வயிறு எரிந்தது.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் வந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். பின்கேட்டை வாட்ச்மேன் திறந்தார். குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று உள்ளே வந்தது. மெஸ் மாஸ்டரும் தோட்டக்காரரும் பச்சை வாளிகளை வண்டியிலிருந்த நீல டிரம்களில் கவிழ்த்தார்கள். ஆகா, மூன்று பேரும் கூட்டு! வண்டி கிளம்பியதும் ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தேன்.

அரியலூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போய், மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே ஒரு மண்பாதையில் வண்டி திரும்பியது. பாதை முடிவில் பெரிய மாட்டுக் கொட்டகை. வரிசையாகக் கறவை மாடுகள். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, டிரம்மிலிருந்து மொண்டு கழனித் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தவர் யாரென்று பார்த்தால், நம் தாளாளர்.

என்னைப் பார்த்து அவர் அசரவே இல்லை. "வாங்க மேடம், வாங்க. பால் சாப்புடுறீங்களா?"

"சார், இது குழிக்குப் போக வேண்டிய சோறு."

"சோத்தப் போயி குழியில கொட்டுவாங்களா? எங்க வூட்டுல அரிசி கழுவுன தண்ணியகூட கீழ ஊத்த மாட்டோம், மாட்டுக்குத்தான் வைப்போம். சோத்த மண்ணுல போட்டா வெளங்குமா சொல்லுங்க?"

அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே அவருக்கு மனம் வரவில்லை. குழி வெட்டச் சொன்னவரும் அவர்தான், அதில் சோறு விழாமல் பார்த்துக்கொண்டவரும் அவர்தான்.

"அப்ப குழி எப்புடி சார் நிறையும்?"

"அது உங்க பொறுப்புங்க மேடம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சோத்த நீங்களே வச்சுக்குங்க சார். அதுக்குப் பதிலா இந்த மாட்டுச் சாணி எனக்கு வேணும். வாராவாரம் உங்க டிராக்டர்லயே வந்துரணும். இல்லன்னா குழுக்காரங்களை நேரா இங்கதான் கூட்டிக்கிட்டு வருவேன்" என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. அவரோ, "அவ்வளவுதானே? எடுத்துக்குங்க" என்று சட்டென்று சம்மதித்துவிட்டார். அவ்வளவு சுலபமாக யாராவது சம்மதித்தால் எனக்குத் தூக்கம் வராது.

சாணி சொன்னபடி வந்தது. சருகும் சாணியும் அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காயாமல் பார்த்து, புரட்டிப் புரட்டி விட்டேன். குழிக்குள் சூடு ஏறியது. நாற்றம் போய் மழை பெய்த மண்வாசம் வந்தது. தோட்டக்காரருக்கும் சொல்லிக்கொடுத்தேன், எப்போது புரட்டுவது, எப்போது தண்ணீர் தெளிப்பது என்று எல்லாமே. அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு அக்கறையாகக் கேட்டுக்கொண்டார். அந்த அக்கறை எதற்கு என்றுகூட ஒரு நாள் யோசித்தேன். பாவம், நல்ல மனுஷன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

குழு வந்தது. உரத்தை அள்ளி முகர்ந்து பார்த்து, "பிரமாதம்" என்றார்கள். பக்கத்தில் நின்ற தாளாளருக்கு முகமெல்லாம் பூரிப்பு. அன்றைக்கு அப்பாவிடம் போய், "இனிமே வீடு மாத்த வேண்டாம்ப்பா" என்று சொன்னேன்.

கல்வியாண்டு முடிந்தது. எல்லோருக்கும் ஆர்டர் வந்தது, எனக்கு மட்டும் வரவில்லை. ஆபீஸில் ஏதோ தவறிவிட்டது என்று நினைத்து நேராகத் தாளாளர் அறைக்கே போனேன். எழுந்து நின்று உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார்.

"உங்களாலதான் மேடம் குழு முன்னாடி நம்ம மானம் நின்னுச்சு" என்றார். "குழிதான் இப்ப தானா ஓடுதுல்ல? எல்லாத்தையும் தோட்டக்காரருக்கு நல்லா கத்துக்குடுத்துட்டீங்களாமே, அவரே சொன்னாரு. இனிமே அதுக்குத் தனியா ஒரு ஆள் எதுக்குங்க?"

ஊரில் உள்ள அத்தனை பேரையும் சந்தேகப்பட்டேன். குழி நிறைந்தாலும் வேலை போகும் என்று மட்டும் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை. காபியைத் தொடாமல் எழுந்தேன்.