அத்தை வைத்த பந்தி

எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் அத்தையின் பேரை எடுத்தால் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். திருப்பிக்கொள்ளட்டும். கழுத்து வலித்தால் தானாகத் திரும்புவார்கள்.

அத்தை, அப்பாவின் தங்கை. அரியலூரில் வங்கி குமாஸ்தாவாகச் சேர்ந்து மேலாளர் வரைக்கும் போனவர். மேலாளரான முதல் வாரமே, வரிசையைத் தாண்டி நேராக அவர் அறைக்குள் பணம் வாங்க நுழைந்த பெரிய மனிதர்களை டோக்கன் எடுத்துக்கொண்டு நிற்கச் சொன்னாராம். அவர்கள் மேலிடத்துக்கு எழுதிப் போட்டு அவரை வேறு ஊருக்கு மாற்ற வைத்தார்கள். போன ஊரிலும் அதே கதைதான். அத்தையின் பெட்டி எப்போதும் கட்டியபடியே இருக்கும் என்பது அம்மாவின் கிண்டல்.

தாத்தா செந்துறையில் ஓர் அறக்கட்டளை வைத்து ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடும் முன் அந்தப் பொறுப்பை மூத்த மகனான பெரியப்பாவிடம் தராமல் அத்தையிடம் தந்துவிட்டார். பெரியப்பாவுக்கு அது ஆறவே இல்லை.

தாத்தா போன மூன்றாம் வருடம், அவர் நினைவு நாளுக்கு மண்டபத்தில் சாப்பாடு. முதல் பந்தி சொந்தபந்தத்துக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் என்பதுதான் வழக்கம். அறக்கட்டளையில் படிக்கும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் கடைசிப் பந்தி. அவர்கள் உட்காரும்போது வடை தீர்ந்து பாயசம் தண்ணீராகியிருக்கும். எனக்கு ஒன்பது வயது. முதல் பந்தியும் இரண்டு வடையும் என் பிறப்புரிமை என்று நம்பியிருந்தேன்.

அன்று வாசலில் மேசை போட்டு அத்தை உட்கார்ந்திருந்தார். மேசைமேல், வங்கியில் இருப்பது போலவே எண் பொறித்த பித்தளை டோக்கன்கள். பெரம்பலூர் பாத்திரக் கடையில் சொல்லிச் செய்தவை. யார் முதலில் வந்தாலும் அவர்களுக்கு முதல் பந்தி. விக்கிரமங்கலத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்த பிள்ளைகளும் பெற்றவர்களும் டோக்கனை வாங்கிக்கொண்டு காத்திருந்தார்கள். சாவகாசமாகக் காரில் வந்து இறங்கிய எங்களுக்குக் கடைசி. எனக்கு வயிறு எரிந்தது. பெரியப்பாவுக்கு அதைவிட எரிந்தது.

“எங்கப்பன் வூட்டுச் சோத்துக்கு நான் டோக்கன் வாங்கணுமா?”

“நம்ம அப்பா வூட்டுச் சோறுதாண்ணே. அதான் உங்களுக்கும் ஒண்ணு வச்சிருக்கேன். வாங்கிக்குங்க.”

“நாங்க யாரும் கை நனைக்க மாட்டோம். இனிமே எங்க காசும் வராது. நீயே நடத்திக்க!”

அறக்கட்டளைப் பணத்தில் பாதி பெரியப்பாவும் மற்ற சொந்தக்காரர்களும் தருவது. அது நின்றால் பிள்ளைகள் படிப்பு என்னாகும் என்று அத்தைக்குத் தெரியும். முகம் வெளுத்ததை நானே பார்த்தேன்.

“நடத்திக்கிறேண்ணே, போயிட்டு வாங்க” என்றவர், சமையல்காரரிடம் திரும்பி, “இலையப் போடுங்க” என்றார்.

கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. அப்பா மட்டும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஒரு டோக்கனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்த வருடம் அத்தை தன் வைப்பு நிதியில் கடன் போட்டார். ஒரு பிள்ளையின் படிப்பும் நிற்கவில்லை. இதை எங்கள் சொந்தக்காரர்கள் சொல்ல மாட்டார்கள்.

வடைக் கவலையில் நான் பந்தியைக் காவல் காத்துக்கொண்டு நின்றேன். உட்காரும்போதே டோக்கனைத் திருப்பித் தந்துவிட வேண்டும். முதல் வரிசையில் ஓர் அம்மா தரவில்லை. இடது கையில் அதை இறுக்கிப் பிடித்தபடி அவசர அவசரமாகச் சாப்பிட்டார். வாய்க்கும் வாசலுக்குமாகப் பார்வை போய்ப் போய் வந்தது. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஓடிப்போய் வத்தி வைத்தேன்.

“அத்தே, அந்தம்மா டோக்கனத் தர மாட்டேங்குறாங்க. அடுத்த பந்தியிலயும் சாப்புடப் பாக்குறாங்க!”

அத்தை அந்தப் பக்கம் பார்த்தார். அண்ணன் போனபோது கலங்காத கண் கலங்கியது.

“வச்சிருக்கட்டும் கண்ணு.”

எனக்குக் கோபமான கோபம். கூடப் பிறந்தவரிடம் அவ்வளவு கறார், ஏமாற்றுகிறவரிடம் இவ்வளவு இளக்கமா என்று அன்று முழுக்க அத்தையிடம் பேசவில்லை. போன வருடம் விவரம் தெரியாமல் முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்ட அந்த அம்மாவை எழுப்பிவிட்டு, அந்த இலையில்தான் என்னை உட்கார வைத்தார்கள் என்பதை அப்பா வெகுகாலம் கழித்துத்தான் சொன்னார். மறுபடி யாராவது வந்து எழுப்பினால் காட்டுவதற்காகவே அந்த அம்மா டோக்கனைக் கையைவிட்டு விடாமல் சாப்பிட்டார் என்பது, இரண்டு வடைக்காக நின்றுகொண்டிருந்த எனக்கு எப்படித் தெரியும்?