தூணுக்கு விட்ட களை

கோரைப் புல்லுக்கு என் மேல் ஏதோ பழைய பகை இருக்க வேண்டும். மற்ற களைகள் மழை பெய்தால் வரும், வெயில் அடித்தால் போகும். கோரை மட்டும் நான் பிடுங்கப் பிடுங்கத்தான் வருகிறது. மேலே இருக்கும் புல் இழுத்தவுடன் கையோடு வந்துவிடும். அடியில் இருக்கும் கிழங்கு அங்கேயே உட்கார்ந்துகொண்டு, இவள் எப்போது உள்ளே போவாள் என்று காத்திருக்கும். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். ஒரே வாய்ப்பாட்டை வருடக்கணக்கில் சொல்லிக்கொடுத்த பழக்கம் உண்டு. ஆனாலும் எந்தப் பிள்ளையும் என்னை இந்தக் கோரை அளவுக்குச் சோர வைத்ததில்லை.

எங்கள் வீடு தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய பழைய லைன் வீடுகளில் ஒன்று. பின்பக்கம் நாலு பாத்தி போடுகிற அளவு இடம். அதைத் தாண்டி ஓர் ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் சயனைடு மேடு. பாறையை அரைத்துத் தங்கம் எடுத்தபின் கொட்டிய மண் அது. காற்றடித்தால் காயப்போட்ட துணியிலும் மூடாத பாத்திரத்திலும் வந்து படியும். எங்கள் மண்ணும் பாதி அதுதான். அதில் கத்தரி வரவில்லை என்று பேத்தமங்களாவிலிருந்து ஏரி வண்டல் ஒரு டிராக்டர் அடித்தோம். வண்டலோடு அந்த ஊர்க் களை விதைகள் அத்தனையும் டிக்கெட் எடுக்காமல் வந்து இறங்கின. நாங்கள் நட்டது கத்தரி. வந்தது கோரை, நாயுருவி, பார்த்தீனியம், அப்புறம் யார் பெற்ற பிள்ளை என்றே தெரியாத இன்னும் பல.

பெயர் தெரியாததைப் படம் எடுத்துப் பெங்களூரில் இருக்கும் மகளுக்கு அனுப்புவேன். அவளுடைய போனில் ஒரு செயலி இருக்கிறது. இலையைக் காட்டினால் பெயர் சொல்லும். ஒரு செடிக்கு அது என் வாயில் நுழையாத பெயர் ஒன்றைச் சொன்னது. ஏதோ வெளிநாட்டு விருந்தாளி என்று நானும் மரியாதையாக விட்டுவைத்தேன். பூ வைத்த பிறகுதான் அது எங்கள் அம்மா பருப்போடு கடைகிற பண்ணைக்கீரை என்று தெரிந்தது. அதற்குள் முற்றி நாராகிவிட்டது.

பார்த்தீனியத்தைத் தெரிந்துகொள்ள மட்டும் செயலி தேவையில்லை என்று நினைத்திருந்தேன். சின்ன வெள்ளைப் பூவோடு ரயில் பாதை ஓரமெல்லாம் நிற்பதுதானே. இங்கே கன்னடத்தில் அதற்கு ஒரு கட்சியின் பெயர். நான் எழுதினால், ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

அந்தச் செடி மேல் எனக்கு ஆத்திரம் இருக்கக் காரணம் உண்டு. என் வீட்டுக்காரர் சுரங்கம் மூடுகிற வரைக்கும் பூமிக்கடியில் பாறை துளைத்தவர். அந்தக் கல்தூசு அவர் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. போன வருடம் இருமல் நிற்கவே இல்லை என்று பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டர் அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார். நுரையீரலில் போனது போனதுதான், இனிமேல் திரும்பாது, மிச்சத்தை முடிந்த வரைக்கும் காப்பாற்றலாம் என்றார். தூசு ஆகாது என்றார். எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டதும், பார்த்தீனியப் பூவின் பொடியும் பக்கத்தில் வரக்கூடாது, மூச்சை அடைத்துவிடும் என்றார்.

வெளியே வந்ததும், டாக்டர் என்ன சொன்னார் என்று இவர் கேட்டார். சளி கட்டியிருக்கிறதாம், மருந்து சாப்பிட்டால் கரைந்துவிடுமாம் என்று சொன்னேன். ஊர் திரும்பும்போது பங்காருபேட்டை வருகிற வரைக்கும் அவர் ரயில் ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவில்லை. அவர் நம்பிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு வேலை. பார்த்தீனியம் பூ வைப்பதற்குள் பிடுங்குவது ஒன்று. கரையாத சளிக்குத் தினமும் ஒரு புதுச் சமாதானம் சொல்வது இன்னொன்று. பனிக்காலம் என்றேன், பிறகு மருந்து மாற்றியிருக்கிறார்கள் என்றேன், வெயில் வந்தால் சரியாகும் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளுக்குச் சோறு எத்தனை வடித்தாலும் போதாது. முதல் வேலை முட்டியை வாங்கியது. இரண்டாவது என்னையே வாங்கியது.

அவரோ படுக்கையை விட்டு எழுவதை நிறுத்திக்கொண்டார். சாப்பிட எழுவார், மாத்திரைக்கு எழுவார், மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். எழுந்து என்ன செய்ய என்று ஒருநாள் கேட்டார்.

கோடை மழை விழுந்தது. ஒரே வாரத்தில் பின்பக்கம் பச்சைப் பாய் விரித்த மாதிரி ஆகிவிட்டது. களை பிடுங்காப் பயிர் கால் பயிர் என்பார்கள். எங்கள் வீட்டில் களைக்கு நடுவே பயிர் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு கோடியிலிருந்து பிடுங்க ஆரம்பித்தேன். ஓடைப் பக்கம் நிலம் சரிவாக இருக்கும். அதுவரைக்கும் பிடுங்கிக்கொண்டு போனபோது பின்னால் சத்தம் கேட்டது. இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

அந்தச் சரிவை அப்படியே விட்டுவிடச் சொன்னார். எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் அடுத்த மழையில் வண்டல் மொத்தமும் ஓடையில் போய்விடும், தூண் விட வேண்டும் என்றார். அது அவர்கள் தொழில் வழக்கம். கீழே பாறையை வெட்டிக்கொண்டே போகும்போது நடுநடுவே ஒரு துண்டை வெட்டாமல் விடுவார்கள். அதில் தங்கம் மின்னினாலும் யாரும் கை வைக்க மாட்டார்கள். மேலே இருக்கும் கூரை அதன் மேல்தான் நிற்கும். இங்கே மேலே வானம்தானே இருக்கிறது, அது எங்கே விழப்போகிறது என்று கேட்டேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே ஒரு பாய் அகலத்துக்குக் களையை விட்டுவைத்தேன்.

அந்தத் தூணில்தான் ஒரு புதுச் செடி முளைத்திருந்தது. நறுக்கி விட்டது போன்ற இலைகள், தரையோடு தரையாக வட்டமாகப் படர்ந்து. போன ஆயுத பூஜைக்குப் போட்ட சாமந்தி மாலைகளை அந்த மூலையில்தான் கொட்டியிருந்தோம். அவர் குனிந்து பார்த்துவிட்டு, மாலையிலிருந்து விழுந்த விதை, சாமந்திதான் என்று தீர்ப்புச் சொன்னார். நான் படம் எடுத்து அனுப்பினேன். செயலியும் சாமந்தி என்றது. சாயங்கால வெளிச்சத்தில் இன்னொரு படம் அனுப்பினேன், கேரட் என்றது. இரண்டில் எது ஆனாலும் லாபம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் நான் அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே அவர் எழுந்திருந்தார். ஒரு கையில் சொம்புத் தண்ணீர், இன்னொரு கையில் பழைய இரும்புக் கம்பி. நாலு அடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு சரிவு வரைக்கும் போனார். செடியைச் சுற்றிக் கம்பியால் மெல்லத் தட்டிப் பார்த்தார், பிறகு தண்ணீர் ஊற்றினார். எதையும் தட்டிப் பார்க்காமல் தொட மாட்டார். கீழே வேலை தொடங்கும் முன் மேல்பாறையைக் கம்பியால் தட்டுவார்களாம். கணீரென்று கேட்டால் கெட்டி, பொத்தென்று கேட்டால் அங்கே நிற்கக்கூடாது. கல்யாணமான புதிதில் என் தகப்பனார் வீட்டுச் சுவரையே தட்டிப் பார்த்து மானத்தை வாங்கியவர்.

அதன்பின் தினமும் அதுதான் நடந்தது. வேலைக்குப் போகிற காலத்துக் காக்கிச் சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். காலை ஷிப்ட் என்று அதற்குப் பெயரும் வைத்தார். தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தால் பசிக்கிறது என்பார். அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனையோ மாதமாகியிருந்தது. நான் கத்தரிப் பாத்தியில் கோரையோடு மல்லுக்கட்டிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்ப்பேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

செடி எழும்பியது. சாமந்தி இவ்வளவு வேகமாக எழும்பாதே என்று எனக்கு உறுத்தியது. தண்டில் வரி வரியாகக் கோடு விழுந்தது. அவருடைய முட்டி உயரத்துக்கு வந்தபோது நுனியில் கிளை பிரிந்து மொட்டுக் கட்டியது. கடுகைவிடக் கொஞ்சம் பெரிய, வெளிறிய மொட்டு. படம் அனுப்பினேன். மகள் உடனே கூப்பிட்டாள். அது பார்த்தீனியம், அப்பாவை அதன் பக்கத்திலேயே விடாதே என்றாள். நான் பிடுங்கியதெல்லாம் நிமிர்ந்து நின்றவை, தரையோடு படர்ந்த குட்டிச் செடியை அதுவென்று நினைக்கவே இல்லை. நான் போனை வைத்துவிட்டுச் சரிவிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஊரில் இருக்கிற பார்த்தீனியத்தையெல்லாம் பிடுங்கிவிட்டு, ஒன்றுக்கு மட்டும் அவர் கையாலேயே தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறோம்.

விட்டால் மூச்சுப் போகும். பிடுங்கினால் அவர் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். ஏன் பிடுங்கினாய் என்று கேட்டால் டாக்டர் சொன்னதைச் சொல்ல வேண்டும். ஒன்றைச் சொன்னால் மற்றதும் வரும். எனக்கு ஒரேயடியாக அலுத்துவிட்டது. அந்தச் செடி மேலும் அலுப்பு, அவர் மேலும் அலுப்பு, அவருக்கு இந்த நோயை வைத்த அந்தச் சுரங்கத்தின் மேலும் அலுப்பு. கடைசியில் என் புத்திக்கு எட்டியது இன்னொரு பொய்தான்.

அன்று மதியம் அவர் தூங்கும்போது கடைத்தெருவுக்குப் போய் மொட்டு வைத்த சாமந்திச் செடி ஒன்று வாங்கி வந்தேன். முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொண்டு, கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, பார்த்தீனியத்தை வேரோடு இழுத்தேன். கோரையைப் போல் அடம்பிடிக்காமல் சுலபமாக வந்துவிட்டது. அதைக் குழிதோண்டிப் புதைத்தேன். அதே இடத்தில் சாமந்தியை நட்டு, மண்ணை மிதித்து, மேலே கொஞ்சம் சருகையும் தூவினேன். திருடனுக்குக்கூட அவ்வளவு கவனம் இருக்காது.

காலையில் அவர் சொம்போடும் கம்பியோடும் போனார். நான் பாத்திரம் தேய்ப்பது போல நின்றுகொண்டேன். செடியைப் பார்த்தார். கம்பியால் தட்டினார். நிறுத்தினார். கொஞ்சம் தள்ளித் தட்டினார், மறுபடியும் செடியின் அடியில் தட்டினார். பிறகு சரிவில் இருந்த கல்லில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா டீச்சரு, ஒரே நாள்ல செடி குட்டையாயிடுச்சி?"

மழையில் தண்டு ஒடிந்து அடியிலிருந்து தழைத்திருக்கும் என்றேன். மழை பெய்யவில்லை என்பது சொன்ன பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவர் கோபிக்கவில்லை. இது நேற்று வெட்டிய மண், சத்தம் வேறு மாதிரி கேட்கிறது என்றார். அங்கே இருந்தது என்ன செடி என்று கேட்டார். பார்த்தீனியம் என்று சொல்லிவிட்டேன். அதற்கா இத்தனை தண்ணீர் ஊற்றினேன் என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் ஆளையே மடக்கிப்போட்டது. முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். காக்கிச் சட்டைக்குள் எலும்பு எலும்பாகக் கைக்குத் தட்டுப்பட்டது.

மூச்சு திரும்பியதும் அவர் செடியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஷிப்ட் மாறும்போது, ஆள கீழ எறக்கற கேஜுக் கூண்டாண்ட நிப்போம். மேல வர்றவன், கீழ எறங்கறவனுக்கு நெசத்த சொல்லணும். எந்த எடத்துல சத்தம் சரியில்ல, எங்க நிக்கக்கூடாதுன்னு. பயந்துக்குவான்னு மறச்சா, அவன் நேரா அங்கதான் போய் நிப்பான்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அந்த டாக்டரு இன்னா சொன்னாரு? சொல்லு."

சொன்னேன். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கேட்டதை ஒன்றும் விடாமல், ஒன்றும் சேர்க்காமல் சொன்னேன். போனது திரும்பாது என்பதை மட்டும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அவர் கம்பியை மடிமேல் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். எவ்வளவு நாள் என்று கேட்டார். டாக்டர் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தைரியம் இல்லை என்றேன். அதுவும் நிஜம்தான்.

ஓடைக்கு அப்பால் மேட்டில் காற்று மண்ணைக் கிளப்பியது. நான் என் முந்தானையை எடுத்து அவர் மூக்கில் வைத்தேன். அவர் அதை விலக்கிவிட்டுச் சொன்னார்.

"சரி. தண்ணி நான் ஊத்தறேன். முடியாத அன்னிக்கி முடிலன்னு நானே சொல்லிடறேன். நீ இனிமே சளி கிளின்னு சொல்லிக்கினு இருக்காத."

எழுந்து, சொம்பில் இருந்த தண்ணீரைச் சாமந்திக்கு ஊற்றினார். பாதிதான் ஊற்றினார், புதுச் செடிக்கு அவ்வளவு போதும் என்றார். வெறும் சொம்பை என்னிடம் கொடுத்து, கண்ணெல்லாம் குழி விழுந்து கிடக்கிறது, உள்ளே போய்ப் படு என்றார்.

அடுப்பில் ஒன்றும் ஏறவில்லை. கோரை பாதிப் பாத்தியில் அப்படியே நின்றது. நான் போய்ப் படுத்தேன். அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு அன்றைக்குத்தான் முதல்முறையாக அடித்துப் போட்டாற்போலத் தூங்கினேன். எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பின்பக்கத்திலிருந்து கம்பி தட்டும் சத்தம் கேட்டது. நான் எழுந்து போகவில்லை, படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.