கத்தரி மேடம் வெட்டாத வரி

'சுருக்கங்களை அடியோடு போக்கும்' என்ற வரியில் முதலில் 'அடியோடு' போகிறது. அப்புறம் 'போக்கும்'. மிஞ்சிய 'சுருக்கங்களை' தனியாக நின்று என்ன செய்யும் என்று அதையும் அடித்துவிட்டு, சிவப்புப் பென்சிலைக் காதிடுக்கில் செருகிக்கொள்கிறாள். முகத்துக்குப் பூசும் க்ரீம் தயாரிக்கிற கம்பெனியில், டப்பாமேல் அச்சாகும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஆதாரம் உண்டா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. ஆபீசில் அவளுக்குக் கத்தரி மேடம் என்று பெயர்.

ஆதாரம் என்று வருவதைப் படித்தால் சிரிப்பதா அழுவதா தெரியாது. "தோல் செல்லுக்கு வயசு குறைஞ்சுதாம். கண்ணாடித் தட்டுல வளந்த செல்லு. அதுக்கேது மூஞ்சி?" என்பாள். முப்பது பெண்களுக்கு நாலு வாரம் க்ரீம் கொடுத்து, தோல் இறுகினாற்போல் இருக்கிறதா என்று அவர்களையே கேட்டு எழுதிய அறிக்கை ஒன்று வந்தது. "ஓசில குடுத்தா நானும் இறுகிடுச்சுன்னுதான் சொல்லுவேன்" என்று ஓரமாக வைத்தாள். முன், பின் என்று படங்கள் வந்தால் முகத்தைப் பார்க்கமாட்டாள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று பார்ப்பாள். விளம்பரப் பிரிவு மேனேஜர் நொந்துபோய், "உங்க கைக்கு வந்தா டப்பால விலை மட்டும்தான் மிஞ்சும்" என்றார்.

"விலைக்கும் ஆதாரம் இல்லையே சார்" என்றாள்.

அப்பேர்ப்பட்டவள் மனமாரப் பச்சைக்கொடி காட்டியது ஒரே ஒரு வரிக்கு. 'வயதால் வரும் கரும்புள்ளிகளை மங்கச் செய்யும்.' இருநூற்றுப் பத்துப் பேர், ஆறு மாதம், ஒரு கன்னத்தில் மருந்து சேர்த்த க்ரீம், மறு கன்னத்தில் வெறும் க்ரீம். எது எங்கே என்று மதிப்பெண் போட்ட டாக்டருக்கும் தெரியாது. குற்றம் சொல்ல இடமே இல்லை. முதல் டப்பாவை அவளே கொண்டுபோய்த் தன் அக்காவிடம் கொடுத்தாள். தங்கை எதையும் லேசில் நம்பமாட்டாள் என்று அக்காவுக்குத் தெரியும். அவளை நம்பி, அக்கா தன் இடது கன்னத்துப் புள்ளியில் ஒன்பது மாதம் நாள் தவறாமல் தடவினாள், டாக்டரிடம் போகவில்லை. புள்ளி மங்கியது. அடியில் புற்று வளர்ந்தது. கண்டுபிடித்தபோது கழுத்து வரை பரவிவிட்டிருந்தது.

அன்றைக்கே தங்கை அந்த ஆய்வை மறுபடி எடுத்துப் படித்தாள். ஏழாம் பக்கத்தில் ஒரு வரி: சந்தேகமான புள்ளி உள்ளவர்களைத் தோல் டாக்டர் பரிசோதித்து முன்னாலேயே விலக்கிவிட்டார். அவள் படிக்காத வரி இல்லை. பக்கத்தில் அவள் கையாலேயே போட்ட டிக் இருந்தது. ஒழுங்கான ஆய்வு என்று மெச்சிக்கொண்டாளே தவிர, டப்பா வாங்குகிறவளுக்கு அந்தத் தோல் டாக்டர் எங்கே என்று யோசிக்கவில்லை. அந்த வரியையும் அச்சடிக்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். "அடுத்த அச்சுல பாக்கலாம் மேடம்" என்றார் மேனேஜர்.

அந்த வரியை அக்காவிடம் சொல்லிவிடுவது என்றுதான், ஆபரேஷன் முடிந்த மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அக்காவுக்கு இடது கன்னத்திலிருந்து கழுத்து வரை கட்டுப் போட்டிருந்தது.

"அக்கா, அந்தக் க்ரீம் விஷயமா ஒண்ணு சொல்லணும்."

"நல்லவேளை ஞாபகப்படுத்தினே. அலமாரில இருக்கு, எடு" என்றாள் அக்கா. "எனக்குக் கையத் தூக்க வரல. இந்தக் கன்னமாவது பாக்குற மாதிரி இருக்கட்டும்டி."

எடுத்துவந்து, கட்டு இல்லாத கன்னத்தில் மெல்லத் தடவினாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னமோ சொல்லணும்னியே?"

கத்தரி மேடம் டப்பாவில் விரலை விட்டு இன்னும் கொஞ்சம் எடுத்தாள்.