அம்மா வைத்த முற்றுப்புள்ளிகள்

பதிப்பகத்தில் அம்மாவுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் வெட்டுக்கிளி. எந்தக் கையெழுத்துப் பிரதி வந்தாலும் வாய்விட்டுப் படிப்பாள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை வெட்டுவாள். "கண்ணு ஏமாறும், தொண்டை ஏமாறாது" என்பாள்.

வீட்டிலும் அதே வேலைதான். அவள் முன்னறையில் படிப்பாள். நான் அடுத்த அறையில் கணக்குப் போடுவேன். பம்புகளைச் சோதிப்பது என் தொழில். பேரிங் தேய்ந்தால் பம்ப் உடனே நிற்காது. முதலில் சத்தம் மாறும்.

கடைசியாக அவள் கைக்கு வந்தது ஒரு தடித்த நாவல். எழுதியவர் ஓய்வுபெற்ற கப்பல் சமையல்காரர். வாக்கியத்தைத் தொடங்கினால் லேசில் கரை சேர மாட்டார். அம்மாவுக்கு அதில் ஒரே குஷி. முதல் அத்தியாயத்தில் பாதிப் பக்கத்தை ஒரே இழுப்பில் படித்தாள். நாவலின் நடுப்பகுதிக்கு வந்தபோது நான் பென்சிலைக் கீழே வைத்தேன். வாக்கியங்கள் சீக்கிரம் சீக்கிரமாக முடிந்துகொண்டிருந்தன.

"அம்மா, உனக்கு மூச்சு வாங்குது."

"எனக்கில்லடி, அந்த மனுஷனோட வாக்கியத்துக்கு."

"டாக்டர்கிட்ட போலாம்."

"என்னையும் பம்புன்னு நினைச்சியா? புத்தகம் முடியட்டும். அப்புறம் கழட்டிப் பாரு."

திருத்திய பக்கங்களோடு சமையல்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நான் கடலைக் குடுத்தேன். நீங்க வாளி வாளியா மொண்டு திருப்பித் தர்றீங்களே!"

"கடல்ல குளிக்கலாம் ஐயா, குடிக்க முடியுமா?"

சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே இருமலானது. நிற்கவில்லை. சமையல்காரர் என்னைப் பார்த்தார். பக்கங்களை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"உங்க இஷ்டப்படியே வெட்டுங்கம்மா."

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் அவளைப் பிடிவாதமாக அழைத்துப் போனேன். குழாயில் ஊதச் சொன்னார்கள். முள் பாதிகூட ஏறவில்லை. நுரையீரல் இறுகிக்கொண்டு வருகிறது, இனி விரியாது என்றார் மருத்துவர். வாய்விட்டுப் படிப்பதை நிறுத்தச் சொன்னார்.

"மனசுக்குள்ள படிச்சா ஓசை எப்படிங்க தெரியும்?" என்று அவரையே கேட்டாள்.

வீடு திரும்பும் வழியில் சொன்னேன். "மீதியை நான் படிக்கிறேன். நீ கேட்டுட்டே திருத்து."

"உன் மூச்சு வேற. பாதிப் புத்தகம் ஒருத்தி மூச்சுல, மீதி இன்னொருத்தி மூச்சுலன்னா ஒட்டுப் போட்ட துணி மாதிரி இருக்கும்டி."

அன்று மாலை முன்னறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே சில சொற்கள். நிறுத்தம். இரண்டு சொற்கள். நிறுத்தம். வெளியே நின்றேன்.

"அங்க நின்னு என்ன அளக்குற? உள்ள வந்து உக்காரு."

போய் உட்கார்ந்தேன். நாவலை முடிக்கும்வரை தினமும் உட்கார்ந்தேன்.

புத்தகம் வெளிவந்தபோது அம்மா இல்லை. சமையல்காரர் போன் செய்தார்.

"கடைசி அத்தியாயம் வேகம் பிடிக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க. ஏன்னு நான் ஒண்ணும் சொல்லிக்கலம்மா."

முன்னறையில் உட்கார்ந்து கடைசிப் பக்கத்தை வாய்விட்டுப் படித்தேன். கப்பல் வந்தது. கயிறு விழுந்தது. இறங்கினான்.

அங்கே முற்றுப்புள்ளி. எனக்கு மூச்சு மீதி இருந்தது.