காளை விற்ற காசு

அன்று அங்கே இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் வீட்டுக்காரர், பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியவர், மூலைக்கடை முதலாளியான சீனத் தவுக்கே. சாக்கடையோரம் விழுந்து கிடந்த எங்கள் காளையையும் சேர்த்தால் ஐந்து.

மலாய் நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்ததற்கு அடுத்த வருடம். காஜா பெராங் ஊரில் என் வீட்டுக்காரர் மாட்டுவண்டி ஓட்டினார். காளை வாங்கியது தவுக்கே கொடுத்த கடனில். வண்டியை அவரிடம்தான் ஈடு வைத்திருந்தோம். பாக்கி தொண்ணூறு வெள்ளி. அன்று மழையில் சறுக்கி, காளைக்கு முன்னங்கால் ஒடிந்துவிட்டது. எலும்பு வெளியே தெரிந்தது.

"இது இனிமே எழுந்திருக்காது, தம்பி," என்றார் மலாய்ப் பெரியவர். எங்களுக்குள் பேச்செல்லாம் மலாயில்தான். "உயிர் இருக்கும்போதே அறுத்தாத்தான் எங்க மார்க்கத்துல ஆகும். செத்துப்போச்சுன்னா நான் வாங்க முடியாது. அறுபது வெள்ளி தர்றேன். உங்க கண்ணு முன்னால வேணாம். லாரியில ஏத்தி புக்கிட் ரம்பாய்க்குக் கொண்டுபோயிடுறோம்."

வீட்டுக்காரர் காளையின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்கோ கணக்கு ஓடியது. அறுபது கொடுத்தால் முப்பதுதான் நிற்கும், வண்டி தப்பும். வண்டி போய்விட்டால்? அதற்குள் காளையின் மூச்சு நின்றுவிட்டால்? அதன் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தவுக்கே சிரித்தார். "ஆட்டுக்கறின்னா முதல் ஆளா நிப்பே. மாட்டுக்கு மட்டும் அழுகையா, தம்பி?"

"நீங்க பன்னி தின்னுறீங்க, நான் ஏதாச்சும் கேட்டேனா?" என்றார் வீட்டுக்காரர்.

"என் முன்னால அந்தப் பேச்சு வேணாம்பா," என்றார் பெரியவர். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"குடுத்துடுங்க," என்றேன். நான்தான் சொன்னேன்.

வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. காளையின் நெற்றியில் இருந்த குங்குமத்தைத் துண்டால் துடைத்துவிட்டு, எழுந்து உள்ளே போனார்.

லாரி போன பிறகு அறுபது வெள்ளியைத் தவுக்கேயிடம் நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எங்கம்மா குவான் யின் சாமிக்கு நேர்ந்துகிட்டவங்க. எங்க வீட்ல மாட்டுக்கறி கிடையாது. மனுசனுக்கு உழைச்ச சீவன் அது. அறுத்த காசு என் கல்லாவுல விழக்கூடாது, தங்கச்சி."

"முதல்லயே சொல்லியிருக்கலாமே, தவுக்கே?"

"நீ கேட்டியா? உன் மாடு, நீ வித்தே. எனக்கு வேற காசு கொண்டா."

மறுநாள் அந்தக் காசைப் பெரியவரிடம் கொண்டுபோய், வாங்கிக்கொண்டு வேறு நோட்டு தரச் சொன்னேன். "குடுத்த விலையைத் திரும்ப வாங்கினா, தின்ன கறி எப்படிம்மா எங்களுக்குச் சொந்தம்?" என்று கதவோரமே நின்று சொல்லி அனுப்பிவிட்டார். சாயங்காலம் அரிசி வாங்கக் கிளம்பினேன். வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தபடி, "அந்தக் காசுன்னா எனக்கு உலை வைக்காத," என்றார். காசைப் பால்மாவு டின்னில் போட்டு மூடினேன்.

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பாத்திரம் கழுவினேன்.

மாதக் கடைசியில் தவுக்கேயின் ஆட்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதற்குக் கடனில் நாற்பது வெள்ளியைத் தவுக்கே கழித்துக்கொண்டார். டின்னில் அறுபது வெள்ளி அப்படியே இருந்தது. தவுக்கேக்கு நாங்கள் தர வேண்டியது இன்னும் ஐம்பது வெள்ளி.