கப்பல் ஏறாத கிளி

கொய்யாக்காயைக் கிளி கொறிக்கும் சத்தம்... கல்யாணமாகிப் பாண்டிக்கு வந்த புதிதில் என்னைத் தினமும் எழுப்பியது அதுதான்.

குருசுக்குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். முன்கட்டில் வீட்டுக்காரர் மர்த்தாம்மா. அவருடைய கணவர் பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து சைகோனில் இறந்துபோனவர். ஒரே மகன் பிரான்சில். வீட்டில் துணைக்கு மிமி என்ற கிளி மட்டும்தான். விடிந்ததும் "போன்ழூர் மதாம்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிக் கத்தும். மீன் கூடையோடு போகிற பெண்கள் பதிலுக்கு "போன்ழூர்" சொல்லிவிட்டுப் போவார்கள்.

அப்போதெல்லாம் கிளி வளர்ப்பதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. தை, மாசியில் கன்னியப்பன் என்பவர் கூடையோடு வருவார். கருவடிக்குப்பம் பக்கத்துப் பனைமரப் பொந்துகளில் கைவிட்டு எடுத்த குஞ்சுகள் அதில் இருக்கும். மிமியும் அவர் கொடுத்ததுதான்.

பிரெஞ்சுக்காரர்கள் போய் ஊர் கைமாறிய சில வருஷத்தில், மகன் மர்த்தாம்மாவுக்குக் கப்பல் டிக்கெட் எடுத்துவிட்டான். மிமியைக் கொண்டுபோக வழியில்லை.

பறக்கவிட்டுவிடலாம் என்று முடிவு செய்தார். இறக்கையை வெட்டுவதை நிறுத்தினார். நன்றாக வளர்ந்ததும் கூண்டை மொட்டைமாடியில் வைத்துத் திறந்தார். மிமி வெளியே வந்து கைப்பிடிச் சுவர்மேல் நடந்தது. மேலே ஒரு கிளிக்கூட்டம் கத்திக்கொண்டு போனதும், தலையைத் தாழ்த்திக்கொண்டு கூண்டுக்குள் ஓடிவிட்டது.

தினமும் இதே கதை... ஒருநாள் காற்று தள்ளி எதிர்வீட்டு ஓட்டில் போய் விழுந்தது. காக்காய்கள் சூழ்ந்துகொண்டன. என் கணவர் ஏணி போட்டு ஏறி எடுத்துவந்தார். நடுங்கிக்கொண்டிருந்த மிமியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மர்த்தாம்மா என்னிடம் சொன்னார்: "பறக்கத் தெரியாம ஆக்கிட்டேன் பாரு, சரோஜா."

அந்த வாரமே கன்னியப்பன் வந்தார்.

"காலைல எடுத்தது மதாம். நல்ல ஜோடி."

கூடைக்குள் முடிகூட முளைக்காத இரண்டு குஞ்சுகள் வாயைத் திறந்து திறந்து மூடின.

"இதுங்க தாய் இப்ப எங்க இருக்கும், கன்னியப்பா?"

"மரத்தச் சுத்திக்கிட்டுதான் இருக்கும். பொழுதுபோனா மறந்துடும்."

"மறந்தத நீ பாத்தியா?"

அவர் கூடையை மூடினார். "பாக்கல மதாம். நெலம் நீச்சு ஒண்ணும் கெடையாது எனக்கு. இதையும் வுட்டா வூட்டுல புள்ளைங்களுக்கு என்னாத்தப் போடுவேன்?"

மர்த்தாம்மா உள்ளே போனார். கணவரின் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். தினமும் துடைத்து வைப்பாரே தவிர, அதை யாரையும் தொடவிட்டதில்லை.

"எடுத்துக்கோ. காய்கறி ஏத்து, மீன் ஏத்து, ஒன் இஷ்டம். ஆனா இதுங்கள எடுத்த பொந்துலயே வைக்கணும். நானும் வரேன்."

நானும் அவரோடு ரிக்‌ஷாவில் போனேன். தலை ஒடிந்த மொட்டைப் பனை அது. இரண்டு கிளிகள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு சுற்றின. கன்னியப்பன் ஏறிக் குஞ்சுகளைப் பொந்துக்குள் விட்டுவிட்டு இறங்கினார். "தள்ளி வாங்க மதாம், நாம நின்னா வராது" என்றார். வேலியோரம் ஒதுங்கிக் காத்திருந்தோம். வெகுநேரம் கழித்து ஒரு கிளி பொந்தின் வாயில் உட்கார்ந்தது. சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு உள்ளே போனது. கத்தல் நின்றது.

"இம்மாம் வருஷத்துல நான் நின்னு பாத்ததே இல்ல மதாம்," என்றார் கன்னியப்பன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவர் சைக்கிளில் காய்கறி விற்கப் போய்விட்டார். அடுத்த தையில் கூடையோடு வேறொருவர் வந்தார்... அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மிமியை எங்களிடம் விட்டுவிட்டுப் புறப்படும்போது மர்த்தாம்மா கூண்டுப்பக்கம் திரும்பவில்லை. "எறக்கைய வெட்டாத. கதவ மூடாத. இருக்கறதும் போறதும் அது இஷ்டம்," என்று மட்டும் என்னிடம் சொன்னார். கூண்டுக் கதவு திறந்தேதான் கிடந்தது. மிமி போகவே இல்லை. பல வருஷம் எங்களோடு இருந்து செத்துப்போனது.

இப்போது காட்டுக்கிளியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் சட்டப்படி குற்றம். போன மாதம் எங்கள் தெருவில் தனியாக இருக்கும் பெரியவர் ஒருவரின் கிளியை வனத்துறைக்காரர்கள் வந்து எடுத்துப்போனார்கள். அவர் ஜீப் பக்கத்திலேயே நடந்துபோய், "அதுக்கு மொளகா புடிக்காது சார், பிஸ்கட்ட ஊற வச்சுக் குடுங்க," என்றார். அந்த இளம் அதிகாரி தணிந்த குரலில், "சரிங்க ஐயா, பாத்துக்கறோம்," என்றார்.

சட்டம் சரிதான். அன்றைக்கே இது இருந்திருந்தால் மிமி பனைமரத்தில் வளர்ந்திருக்கும். இதை யார் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஜீப் போன பிறகும் அந்தப் பெரியவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அவரிடம் போய்ச் சட்டம் பேச எனக்கு மனசு வரவில்லை... ஒரு டம்ளர் காப்பி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றேன்.